எஸ் ஒன்று, வி ஒன்று, மொத்தம் அஞ்சு

இங்கிலீஷ் வார்த்தை ஒன்று காதில் விழுந்தால் போதும், அக்காவின் வலது கைக் கட்டைவிரல் தானாக அசையத் தொடங்கிவிடும். சுண்டுவிரலைத் தொட்டு ஒன்று, மோதிர விரலைத் தொட்டு ரெண்டு என்று எழுத்தெழுத்தாக நகர்ந்து வரும். உதடு முணுமுணுக்கும். நாலு விரலும் முடிந்து அஞ்சாவது எழுத்துக்குக் கட்டைவிரல் மட்டும் தனியாக நிமிர்ந்து நின்றுவிட்டால் முகம் மலரும். அந்த அஞ்சிலே எஸ் ஒன்றும் வி ஒன்றும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். இருக்கிற இடத்திலேயே செருப்பைக் கழற்றிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார். தண்ணீர் லாரிக்கு முன்னாலானாலும் சரி, ரேஷன் கடை வாசலானாலும் சரி.

அப்போது நாங்கள் திருவொற்றியூரில் தேரடிக்குப் பின்னால் ஒரு காம்பவுண்டில் குடியிருந்தோம். எட்டுக் குடித்தனம், ஒரு அடிபம்பு. இரண்டாயிரம் பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னும் பின்னுமான வருஷங்கள். அக்கா எங்களுக்குப் பக்கத்து வீடு. வீடு என்றால் ஒரு அறையும் ஒரு சமையல் மூலையும்தான். அவர் வீட்டுக்காரர் ஹார்பரில் மூட்டை தூக்கியவர். மகள் கலா பள்ளிக்கூடத்தில் சேருமுன்பே கண்ணை மூடிவிட்டார். அதற்குப் பிறகு அந்த ஒரு அறையில் அம்மாவும் மகளும்தான். ஒரு தட்டில் சாப்பிட்டு, ஒரு பாயில் படுத்து, ஒரே குடையில் போய் வந்துகொண்டிருந்தார்கள்.

அக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. ரேஷன் கார்டைத் தவிர வேறு யாரும் அதைச் சொல்லி நான் பார்த்ததில்லை. எங்களுக்கு அவர் அஞ்செழுத்தக்கா.

இந்தப் பைத்தியம் பிடித்த கதையை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அவருக்கு வேலை ராயபுரம் பக்கம் ஒரு ஏற்றுமதி கோடவுனில். கப்பலுக்குப் போகிற மரப்பெட்டிகளின் மேல் எழுத்து அடிக்கிற வேலை. எழுத்து வெட்டிய தகரத் தகட்டைப் பெட்டிமேல் வைத்து, கறுப்பு மையைப் பிரஷ்ஷால் தடவி எடுத்தால் எழுத்து விழும். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு தகடு. அக்கா படித்தது எட்டாவது. ஆனால் இங்கிலீஷ் எழுத்து இருபத்தாறும் அவருக்குக் கையாலேயே தெரியும்.

ஒரு பிரதோஷத்தன்று கோயிலில் சொற்பொழிவு. பேசியவர், சிவனுடைய நாமம் ஐந்தெழுத்து, அது இல்லாத இடமே இல்லை, கல்லிலும் உண்டு, புல்லிலும் உண்டு, பார்க்கிற கண்தான் வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். எல்லோரும் கேட்டோம், சுண்டல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம். அக்கா மட்டும் மறுநாள் வேலையிலும் அதே நினைப்பாக இருந்திருக்கிறார். அன்றைக்கென்று வெளிநாட்டுக்கு மண்ணெண்ணெய் அடுப்பு போகிறது. பெட்டிமேல் அடிக்க வேண்டிய வார்த்தை ‘ஸ்டவ்’. எஸ் தகடு வைத்தார், டி வைத்தார், ஓ வைத்தார், வி வைத்தார், ஈ வைத்தார். பிரஷ்ஷைக் கீழே போட்டுவிட்டார்.

“அஞ்சு எழுத்துமே,” என்பார் என்னிடம், ஒவ்வொரு தடவையும் முதல் தடவை சொல்வதுபோல. “சி-க்கு எஸ்ஸு, வா-க்கு வி. பொட்டி மேல அவரே வந்து குந்திகினு கீறாரு. நானு கையில மையோட நிக்கறேன்.”

அன்று முதல் அஞ்செழுத்தும், எஸ்ஸும், வியும் சேர்ந்த வார்த்தை எதுவானாலும் அது சாமி சொன்ன வார்த்தை. அந்த வார்த்தை என்ன சொல்கிறதோ அப்படி நடக்க வேண்டும். இதற்குச் சில சட்டங்களும் உண்டு. வார்த்தை தானாக வர வேண்டும், நாமாகத் தேடிப் பிடிக்கக் கூடாது. ஒரு தடவை வந்த வார்த்தை மறுபடி வராது. எழுத்து சரியாகத் தெரியாவிட்டால் என் வீட்டுக்காரரைக் கேட்டுக்கொள்ளலாம். அவர் ஐ.டி.ஐ. படித்தவர், இங்கிலீஷ் பேப்பரில் தலைப்பு மட்டும் வாசிப்பார். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, “தம்பி, இதுக்கு எத்தினி எழுத்து?” என்று குரல் வரும். இவர் சாப்பிட்டுக்கொண்டே சொல்லுவார்.

இரண்டாவதாக வந்த வார்த்தை ‘செவன்’. அதிலிருந்து தண்ணீர் லாரி வந்தால் குடத்தை ஏழாவதாகத்தான் வைப்பார். முதலில் போய் நின்றிருந்தாலும், “வாமே, நீ முன்னாடி போ,” என்று ஆறு பேரைக் கூப்பிட்டு விட்டுவிட்டு ஏழாவதாக நிற்பார். அவருக்கு முன்னால் நின்ற யாராவது பாலை அடுப்பில் வைத்துவிட்டு வந்த நினைப்பில் ஓடிவிட்டால் அக்கா ஆறாவது ஆகிவிடுவார். உடனே தெருவில் போகிற யாரையாவது பிடித்து இழுப்பார். ஒருமுறை சைக்கிளில் போன தபால்காரரை நிறுத்தி முன்னால் நிற்க வைத்துவிட்டார். தபால்காரர் பாவம், வெறும் கையோடு வரிசையில் நகர்ந்து போய், லாரிக்காரரிடம் திட்டு வாங்கிக்கொண்டு போனார்.

‘ஷேவ்’ என்ற வார்த்தை வந்த திங்கட்கிழமை முதல் காம்பவுண்டில் எந்த ஆண்பிள்ளையும் தாடியோடு இருக்க முடியவில்லை. ‘சர்வ்’ வந்த பிறகு பிரதோஷப் பிரசாதத்தை அக்காதான் பரிமாறினார். வேறு யாராவது கரண்டியைத் தொட்டால் பொல்லாத கோபம் வரும். என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் வந்து, டாக்டர் இது வைரஸ் என்று சொல்லி அனுப்பினார். நான் அழுதுகொண்டே வந்து சொன்னேன். அக்கா விரலை மடக்கினார். முகம் மலர்ந்தது. மிளகு ரசமும் விபூதியுமாக வந்து உட்கார்ந்துவிட்டார். “வைரஸ்னா பேஜாராவாத. எண்ணிப் பாரு. அவரே வந்துகீறாரு, நாலு நாள் இருந்துட்டு தானா போயிடுவாரு.” டாக்டரும் அதையேதான் சொல்லியிருந்தார். என்ன, அக்கா சொன்னபோது எனக்குத் தைரியம் வந்தது.

பொருந்தாத வார்த்தைகளைப் பற்றியும் அவருக்கு அபிப்பிராயம் உண்டு. ‘லீவ்’ அஞ்செழுத்துதான், வி இருக்கிறது, ஆனால் எஸ் இல்லை. அதனால்தான் முதலாளி கொடுக்க மாட்டேன் என்கிறான் என்பார். ராயபுரத்திலிருந்து கூடை தூக்கிக்கொண்டு வருகிற மீன்காரம்மா கிறிஸ்துவர். ஒருநாள் அவர், “எங்க சாமி பேரும் இங்கிலீஷ்ல அஞ்செழுத்துதான்கா,” என்று சொல்லிவிட்டார். அக்கா எண்ணினார். எஸ் ஒன்றுக்கு ரெண்டாக இருந்தது. வி இல்லை. கொஞ்ச நேரம் கூடையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “போனா போவுது. அஞ்சுன்னா அஞ்சுதான். சொந்தக்காரங்க,” என்று சொல்லி ரெண்டு பேர் சாமிக்கும் சேர்த்துக் கும்பிட்டார். அன்று மீன் வாங்குகிற நாள் இல்லை, இருந்தும் வாங்கினார்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வார்த்தை வந்தது. ‘ஸ்லேவ்’. ஏதோ பெட்டியில் ஒட்டியிருந்த பழைய பேப்பரில் பார்த்துவிட்டு, இதற்கு என்ன அர்த்தம் என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார். என் வீட்டுக்காரர் அடிமை என்று சொன்னார். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. என்னவோ ஏதோ என்று நான் எட்டிப் பார்த்தால், அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆண்டவனுக்கு அடிமை என்று சொல்லிக்கொள்ளத்தானே பெரியவர்களெல்லாம் பாடிப் பாடி உருகினார்கள், இந்தச் சிறுக்கிக்கு அதை இங்கிலீஷிலேயே கொடுத்துவிட்டானே என்று ஒரே நெகிழ்ச்சி. அந்த வாரம் முழுக்க யார் நலம் கேட்டாலும் கையைக் கூப்பிக்கொண்டு, “ஸ்லேவ்,” என்பார்.

அந்த வாரத்தில்தானா வெளிநாட்டுக்காரர் ஒருவர் கோடவுனைப் பார்க்க வரவேண்டும்? சரக்கு வாங்குகிறவர். நல்ல உயரம், சிவந்த முகம். முதலாளி கூடவே வந்து சுற்றிக்காட்டியிருக்கிறார். வெளிநாட்டுக்காரர் எழுத்து அடிக்கிற பெண்களிடம் வந்து நின்று, இங்கே என்ன செய்கிறீர்கள் என்று சிரித்த முகமாகக் கேட்டிருக்கிறார். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அக்கா மைக்கையைப் புடவையில் துடைத்துவிட்டு, கும்பிட்டு, “ஐ ஸ்லேவ். வெரி ஹேப்பி,” என்றார்.

முதலாளி முகம் வெள்ளையடித்த சுவர் மாதிரி ஆகிவிட்டதாம். வெளிநாட்டுக்காரர் யாருக்கு என்று கேட்டிருக்கிறார். அக்கா ஆண்டவனை நினைத்து விரலை மேலே காட்டினார். மேலே மாடியில் முதலாளியின் ரூம். முதலாளி படபடவென்று இங்கிலீஷில் ஏதோ விளக்கியிருக்கிறார். அவர் விளக்க விளக்க, நம்மைப் பற்றித்தான் நல்லபடியாகச் சொல்கிறார் என்று அக்கா தலையை ஆட்டி ஆட்டி, “எஸ் சார், ஸ்லேவ், ஸ்லேவ்,” என்று மாடியைக் காட்டியிருக்கிறார்.

அந்த வாரமே கோடவுனுக்கு ரெண்டு ஃபேன் வந்தது. பெண்கள் கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பாள் வந்தது. நின்றுகொண்டே எழுத்து அடித்தவர்களுக்கு உட்கார ஸ்டூல் வந்தது. கூட வேலை செய்த பெண்கள் அக்காவைச் சுற்றிக்கொண்டு, இன்னொரு வார்த்தை கண்டுபிடி, கேன்டீன் வந்துவிடும் என்று கெஞ்சினார்களாம். தேடிப் பிடிக்கிற வார்த்தை செல்லாது என்று அக்கா சொல்லிவிட்டார். ஃபேன் வந்தது ஆண்டவன் செயல் என்று இன்றைக்கும் நான் நம்புகிறேன். வேறு யாரால் அந்த முதலாளியிடம் ஃபேன் வாங்க முடியும்?

இப்படியெல்லாம் நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். கலா மட்டும் சிரிக்கமாட்டாள்.

கலாவுக்கு அப்போது இருபத்தேழு வயது. தையல் கம்பெனியில் வேலை. அடக்கமான பெண், பார்க்கவும் லட்சணம். வரன் வராமல் இல்லை. ஆனால் மாப்பிள்ளைக்கு ஒரு வார்த்தை வர வேண்டும் என்பது அக்காவின் முடிவு. முதலில் வந்த பையன் டிரைவர். அக்கா விரலை மடக்கினார். வி வந்துவிட்டது, எஸ் வரவில்லை, எழுத்தும் ஆறு. வேண்டாம் என்று சொல்லியனுப்பினார். அடுத்த பையனுக்கு சேல்ஸில் வேலை. அஞ்செழுத்து சரியாக இருந்தது. ரெண்டு எஸ் இருந்து இன்னா பிரயோஜனம், வி எங்கே என்றார். மூன்றாவது பையன் தண்ணீர் மோட்டார் கம்பெனியில் சர்வீஸ் பார்க்கிறவன். எஸ் உண்டு, வி உண்டு, எழுத்து மட்டும் ஏழு. என் வீட்டுக்காரர் விடவில்லை. ஏழு என்றால் செவன்தானே, செவன் சாமி கொடுத்த வார்த்தையாச்சே என்று மடக்கினார். அக்கா ரெண்டு நாள் யோசித்தார். ஏழு என்று எண்ணுவது வேறு, செவன் என்று எழுதுவது வேறு என்று சொல்லிவிட்டார். அந்தப் பையனுக்கு அடுத்த மாசமே வேறு இடத்தில் கல்யாணம் ஆகி, பத்திரிகை எங்கள் காம்பவுண்டுக்கும் வந்தது. கலா அதை வாங்கிப் பார்த்துவிட்டு ஆணியில் மாட்டினாள்.

பிறகு ஒருநாள் பம்படியில் கலா என்னிடம் வாயைத் திறந்தாள். அவள் கம்பெனிக்குப் பக்கத்தில் லேத் பட்டறை. அங்கே வேலை செய்கிற பாபு என்கிற பையன் வீட்டிலிருந்து பெண் கேட்டு வரப்போகிறார்கள். எண்ணூரில் வீடு, அம்மாவும் பிள்ளையும்தான். இதைச் சொல்வதற்குள் குடம் நிரம்பி வழிந்துவிட்டது.

“எனக்கு அவுர புடிச்சிருக்குகா. இதுவும் போச்சின்னா நான் அப்பால யாரையும் வந்து பாக்க வுடமாட்டேன்.”

லேத் என்பதற்கும் அஞ்செழுத்துதான் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். எஸ்ஸும் இல்லை, வியும் இல்லை. நாங்கள் ரெண்டு பேரும் உட்கார்ந்து யோசித்தோம். அவர் பேப்பர் தலைப்பையெல்லாம் தேடினார். கடைசியில் எனக்குத்தான் அந்த யோசனை வந்தது. மாப்பிள்ளை வீட்டார் வரும்போது கையில் ஒரு ஸ்டவ் கொண்டுவந்தால் என்ன? அக்காவுக்கு முதன்முதலில் கிடைத்த வார்த்தையே அதுதான். அதைக் கொண்டுவருகிற பையனை அவரால் எப்படித் தட்ட முடியும்?

கலா மூலமாகச் சொல்லியனுப்பினோம். பையனின் அம்மாவுக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லையாம். பெண் பார்க்கப் போகிறவர்கள் பூ, பழம் கொண்டுபோவார்கள், அடுப்பைத் தூக்கிக்கொண்டு போனால், வந்தவுடன் சமைக்கச் சொல்கிற மாதிரி இருக்காதா என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். பையன் எப்படியோ சமாதானம் செய்து, எண்ணூர் பஸ்ஸில் ஒரு புது ஸ்டவ்வை மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தான்.

வியாழக்கிழமை, நல்ல நேரம் பார்த்துத்தான் வந்தார்கள். நான் வெளியே ஜன்னலோரம் அடுப்பு வைத்துப் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் அக்கா பக்கத்துப் பெரிய மனுஷராக உட்கார்ந்திருந்தார். பையன் தட்டில் பூ, வெற்றிலை, பழம், அதன் நடுவில் மஞ்சள் குங்குமம் வைத்த ஸ்டவ்வை வைத்து நீட்டினான். அக்கா முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கட்டைவிரல் அசைந்தது. சுண்டுவிரல், மோதிர விரல். பாதியில் நின்றுவிட்டது. வெளிச்சமும் போய்விட்டது.

“இது ஏற்கெனவே வந்த வார்த்தையாச்சே,” என்றார் மெதுவாக. “ஒரு தபா வந்தது திரும்ப வராது. இத சாமி அனுப்பல. யாரோ அனுப்பிகீறாங்க.”

சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்தார். நான் பஜ்ஜியைத் திருப்பிப் போட்டேன்.

என் வீட்டுக்காரர் குனிந்து, பையன் காலையில்தான் பளிச்சென்று ஷேவ் செய்திருக்கிறான், மோவாயில் வெட்டுக்காயம்கூட இருக்கிறது, பாருங்கள் என்றார். அதுவும் பழைய வார்த்தை என்று அக்கா சொல்லிவிட்டார். பையன் காயத்தைக் கையால் மறைத்துக்கொண்டான். அவன் அம்மாவுக்கு விஷயம் ஒன்றும் புரியவில்லை. அடுப்பைப் பற்றிப் பேச்சு வருகிறது, தாடியைப் பற்றிப் பேச்சு வருகிறது, பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முந்தானையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்.

அப்போது கலா எங்கள் வீட்டிலிருந்து காபித் தட்டோடு உள்ளே வந்தாள். தட்டைக் கீழே வைத்தாள். தலை குனிந்தே இருந்தது. குரல் மட்டும் நடுங்காமல் வந்தது.

“மீன்காரம்மாவுக்கு வி இல்லாமயே ஒத்துகினியேம்மா. தண்ணி லாரிக்கு வார்த்தை வந்துச்சி. காய்ச்சலுக்கு வந்துச்சி. எனக்கு மட்டும் ஏம்மா வரவே மாட்டேங்குது?”

அக்கா மகளைப் பார்த்தார், சுவரோரம் சுருட்டி வைத்திருந்த அந்த ஒற்றைப் பாயைப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையின் அம்மாவிடம், நாளைக்கு வெள்ளிக்கிழமை, கோயிலுக்குப் போய்விட்டு வந்து பதில் சொல்கிறேன் என்றார். ஸ்டவ்வைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை, எடுத்து உள்ளே வைக்கவும் இல்லை. அது அப்படியே நடு வீட்டில் உட்கார்ந்திருந்தது.

மறுநாள் காலையில் என்னையும் கூப்பிட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனார். அன்று நல்ல கூட்டம். சாமி சன்னதியில் பின்னால் நின்றவர்கள் நகரச் சொல்லிச் சலித்துக்கொள்கிற வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அம்மன் சன்னதியிலும் அப்படியே. வலது கை புடவைக்குள் இருந்தது. விரல் அசைகிறதா என்று பார்த்தேன். அசையவில்லை. பிராகாரத்தில் வந்து உட்கார்ந்தோம். நான் தேங்காய் மூடியைப் பையில் வைத்தேன். எனக்கும் உள்ளுக்குள் வேண்டுதல்தான். ஏதாவது ஒரு வார்த்தை கொடுத்துவிடப்பா, உனக்கு என்ன குறையப் போகிறது என்று.

“கேட்டேம்மே,” என்றார் அக்கா. “ஒரு எஸ் காட்டு, ஒரு வி காட்டுன்னு கேட்டேன். ஒண்ணியும் சொல்லல.”

கொடிமரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

“அவுருக்கு இங்கிலீஷ் தெரியாது போலக் கீது.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருஷமாக வந்த வார்த்தையெல்லாம் அப்போ என்னக்கா என்று கேட்டுவிட்டேன்.

“அதெல்லாம் தானா வந்துச்சி. தானா வர்றத எடுத்துக்கணும். நான் இன்னிக்கு நின்னு கேட்டு வாங்கப் பாத்தேன், அதான் வாய தொறக்கல.” விபூதியை நெற்றியில் இன்னொரு தடவை பூசிக்கொண்டார். “அந்த ஸ்டவ்வுதான் நீ அனுப்புனது. எனக்குத் தெரியாதா? ஆனா பையன் தானாதான வந்தான்?”

நான் ஆமாம் என்றேன்.

“அப்ப சரி. இன்னாத்துக்கு எழுத்து?”

ஒரு மாசத்தில் அதே கோயிலில் கல்யாணம் நடந்தது. அக்கா ஒரு குறையும் வைக்கவில்லை. மகளை எண்ணூருக்கு அனுப்புகிற அன்று அழவும் இல்லை. ஸ்டவ்வைத் துடைத்து, கலாவின் சீரோடு சேர்த்துக் கொடுத்துவிட்டார்.

அதன் பிறகுதான் எங்களுக்குக் கஷ்டம் வந்தது. அக்கா வார்த்தை எண்ணுவதை நிறுத்திவிட்டார். லாரி வந்தால் குடத்தைக் கிடைத்த இடத்தில் வைத்தார். ஏழாவது இடம் காலியாக இருந்தாலும் திரும்பிப் பார்க்கவில்லை. வேலைக்குப் போவார், வருவார், கதவைச் சாத்திக்கொள்வார். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. என் வீட்டுக்காரர் சாப்பிடும்போது காதைத் தீட்டிக்கொண்டிருப்பார். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், “அக்கா, ‘சால்வ்’ன்னு ஒண்ணு பேப்பர்ல வந்திருக்கு, அஞ்செழுத்து, எஸ்ஸும் வியும் இருக்கு,” என்று இவரே கத்தினார். “இருந்துட்டு போவட்டும் தம்பி,” என்று பதில் வந்தது. இவர் பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிவிட்டார்.

மகளைப் போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்று நான் சொல்லிப் பார்த்தேன். கட்டிக்கொடுத்த வீட்டுக்குக் கூப்பிடாமல் போய் நிற்கக் கூடாது, அது மரியாதை இல்லை என்றார். மறுவீட்டுக்குப் போய் வந்ததோடு சரி.

கொசு மருந்து அடிக்கிறவர்கள் அந்தச் சமயத்தில்தான் வந்தார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் மருந்து அடித்துவிட்டு, வாசல் சுவரில் ஒரு தகட்டை வைத்துக் கறுப்பு மையால் ஒரு கட்டம் அடித்துவிட்டுப் போவார்கள். வந்த தேதியை அதில் எழுத வேண்டும். கட்டத்தின் தலையில் ஒரு இங்கிலீஷ் வார்த்தை இருக்கும். வருஷா வருஷம் அடிப்பதுதான், நாங்கள் யாரும் அதைக் கவனித்ததில்லை. அன்று அக்கா வேலைவிட்டு வந்தார். தன் கதவுக்குப் பக்கத்தில் மை ஈரமாக இருப்பதைப் பார்த்து, எவன் அடித்தது, ஓரமெல்லாம் இழுத்துவிட்டிருக்கிறான் என்று தொழில்காரியாகக் குறை சொல்லிக்கொண்டே கிட்டே போனார். அப்படியே நின்றார்.

வி. ஐ. எஸ். ஐ. டி.

கட்டைவிரல் சுண்டுவிரலைத் தொட்டது. நான் பம்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் கட்டைவிரல் நிமிர்ந்து நின்றது. செருப்பைக் கழற்றினார். சுவரில் நெற்றி படக் கும்பிட்டார். ஈர மை நெற்றியில் ஒட்டிக்கொண்டது தெரியாமல் என்னிடம் ஓடி வந்தார்.

“ஏம்மே, விசிட்டுன்னா போய் பாக்கறதுதான?”

ஆமாம்கா என்றேன்.

“நான் கேக்கலமே. தேடவே இல்ல. வூட்டு வாசல்ல வந்து எவனோ அடிச்சிட்டு போயிருக்கான்.”

அன்று சாயங்காலமே எண்ணூர் பஸ் ஏறினார். அதற்குப் பிறகு பஸ்காரர்களுக்கே அவரைத் தெரிந்துவிட்டது. வேலை முடிந்தால் விசிட். பிரதோஷச் சுண்டலோடு விசிட். கருவாட்டுக் குழம்போடு விசிட். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு விசிட், சாயங்காலம் ஒரு விசிட். பாபு நல்ல பிள்ளை, மாமியார் வரும் நேரத்துக்கு பஸ் ஸ்டாப்பில் வந்து நிற்பானாம். அவன் அம்மா என்ன நினைக்கிறாரோ என்றுதான் எனக்குக் கவலையாக இருந்தது.

என் கவலை வீண் போகவில்லை. சில மாசம் கழித்து ஒரு காலையில் அந்தச் சம்பந்தியம்மாவே காம்பவுண்டுக்குள் வந்தார். அக்கா வீடு பூட்டியிருந்ததால் என் வீட்டில் வந்து உட்கார்ந்தார். தண்ணீர் குடித்து முடித்ததும் மூச்சுவிடாமல் கொட்டினார். ஒரு வரைமுறை இல்லையா, காலை எழுந்தால் வருகிறார், கேட்டால் விசிட் என்கிறார், எங்கள் வீட்டுக் குழம்பில் புளி ஜாஸ்தி என்கிறார், என் இடத்தில் உட்கார்ந்துகொண்டு என் டிவியில் அவர் நாடகம் பார்க்கிறார், எந்த ஊரில் உண்டு இப்படி? நான் என்ன பதில் சொல்வது? ஆண்டவனே என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

கொட்டி முடித்த பிறகு டம்ளரை உருட்டிக்கொண்டே, குரலைத் தாழ்த்தினார்.

“முந்தாநேத்து வரல. நேத்தும் வரல. வூடே இன்னாவோ மாதிரி கீது. கலாவும் வேலைக்கு பூட்டா. ஒடம்பு கிடம்பு சரியில்லியா, ஒரு எட்டு பாத்துட்டு போலாம்னு வந்தேன்.”

கப்பல் ஒன்று அவசரமாகக் கிளம்புகிறது என்று ரெண்டு நாளாக அக்காவுக்குக் கோடவுனில் ராத்திரி முழுக்கக் கூடுதல் வேலை. அதை நான் சொல்வதற்குள் வாசலில் நிழல் தெரிந்தது. மைக்கையும் சோற்றுத் தூக்குமாக அக்கா நின்றுகொண்டிருந்தார். சம்பந்தியம்மாவைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். கட்டைவிரல் அசைந்தது.

“இன்னா சம்பந்தி,” என்றார், “விசிட்டா?”